முதல்ல தராசைப் பாருங்க, மருமகன்

ஐன்ஸ்டைன் பிழையாம். போன்ல ஒருத்தர் பத்து நிமிசத்தில நிரூபிச்சிட்டாராம். எங்கட மருமகன் விடிய எழும்பி, பல்லும் விளக்காம வந்து சொல்றார். சந்தோசம். நோபல் பரிசு முகத்துவாரத்துக்கு வந்தா நானா வேணாமென்று சொல்லப்போறன்? அளுத்மாவத்தையில பந்தலே போடுவம்.

ஆனா மருமகன், அந்த மனிசன விழுத்த உங்களுக்கு முந்தியே பெரிய ஆக்கள் தெண்டிச்சுப் பார்த்திட்டாங்க. ஒருத்தர் இந்தா, கடல் தாண்டினா கொடைக்கானல்ல இருந்தவர். அங்க சூரியனைப் பார்க்கிற நிலையத்துக்குப் பொறுப்பா இருந்த வெள்ளைக்காரர், எவர்ஷெட். சூரியன்ட ஈர்ப்பால அதின்ட வெளிச்சம் பத்து லட்சத்தில ரெண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகரும் என்றது ஐன்ஸ்டைன்ட கணக்கு. எவர்ஷெட் அளந்தார், கணக்கு ஒத்துவரல்ல. அப்படியே எழுதியும் வச்சார். ஆனா அதோட கையைக் கழுவிட்டுப் படுக்கல்ல. பூமிதான் சூரியன்ல ஏதும் சேட்டை பண்ணுதோ என்று அவருக்குச் சந்தேகம். எங்களுக்குத் தெரியாத சூரியன்ட மறுபக்கத்தை எப்படிப் பார்க்கிறது? வெள்ளிக் கிரகத்தில பட்டுத் திரும்பி வாற சூரிய வெளிச்சத்தைப் பிடிச்சு அளந்தார். மனிசன்ட குசும்பைப் பாருங்க! சூரியன்ல கொதிச்சு எழும்புற வாயு வெளிச்சத்தை நீலப் பக்கம் இழுத்துக் கணக்கைக் குழப்புது என்று பிறகுதான் விளங்கிச்சு. 1920கள்ல அவரே ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ஞ்சிட்டார். 1960ல பவுண்ட், ரெப்கா என்ற ரெண்டு பேர், சூரியனே வேணாமென்று, ஹார்வர்ட் கட்டடம் ஒன்றில 22.5 மீட்டர் உயரத்துக்குள்ளயே அந்த நகர்வை அளந்து காட்டினாங்க.

2011ல இன்னொரு கூத்து. வெளிச்சத்தை ஒன்றும் முந்த ஏலாது என்றது ஐன்ஸ்டைன்ட விதி. ஜெனீவாவில இருந்து இத்தாலிக்கு, நிலத்துக்குள்ளால 730 கிலோமீட்டர் ஓடவிட்ட நியூட்ரினோ என்ற நுண்துகள் வெளிச்சத்தை விட 60 நானோ செக்கன் முந்தி வந்திச்சாம். பேப்பர்க்காரருக்குக் கொண்டாட்டம். அளந்தவங்க மட்டும் எங்க பிழை என்று மாசக்கணக்காத் தேடினாங்க. கடைசியில பார்த்தா, கண்ணாடிநார்க் கேபிள் ஒன்று சரியா இறுகல்ல! இத்தாலியில அதே இடத்தில இருந்த வேற குழு அளந்தப்ப நியூட்ரினோ நல்ல பிள்ளையா வெளிச்சத்தோடதான் வந்திருக்கு.

அறுக்குளா ஒரு கிலோ வாங்கி, வீட்ட நிறுத்தா குறையுது. கிலோவே பொய் என்றா சொல்லுவீங்க? தராசுத் தட்டைத் தூக்கிப் பார்ப்பீங்கதானே. உங்கட போன்காரரிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: உங்கட அளவில பிழை எவ்வளவு வரலாம்? வேற ஆர் செய்து பார்த்தாங்க? அவர் உங்களைத் தடை செய்திட்டா எனக்கு வந்து சொல்லுங்க, பிளேன்ரீ வாங்கித் தாறன்.

ஒன்றையும் சோதிக்காம நம்பின கதையும் எங்கட நாட்டில இருக்கு. 1955 ஜூன் 20, முழுச் சூரிய கிரகணம். அந்த நேரத்தில வசம்பு குடிச்சா மேனி வெளுக்குமென்று ஊரெல்லாம் கதை. குடிச்ச சனம் வெளுத்தது உண்மைதான், சத்தியெடுத்து, ஆசுப்பத்திரிக் கட்டில்ல. முதல்ல ஒரு கறுத்தக் கோழிக்காவது குடுத்துப் பார்த்திருக்கலாம்தானே?