மணியைப் பார்க்க ஒரு ஆள் வேணும்லா

வீட்டில் நாய் வளர்ப்பது காவலுக்கு என்று சொல்கிறவர்கள் யாரும் கூட்டுக்குடும்பத்தில் இருந்து பார்த்ததில்லை. கீழே கேட்டில் செக்யூரிட்டி, படிக்கட்டில் கேமரா. இதையெல்லாம் தாண்டி எந்தத் திருடன் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வரப்போகிறான்? நாயின் உண்மையான பயன் வேறு. போகப் பிடிக்காத விசேஷத்துக்குப் போகாமல் இருக்க அதைவிட உறுதியான காரணம் கிடையாது. தலைவலி என்றால் மாத்திரை தருவார்கள். மூட்டுவலி என்றால் கார் அனுப்புவார்கள். வேலை இருக்கிறது என்றால், ரிட்டயர் ஆனவருக்கு அப்படி என்ன வேலை என்பார்கள். "நாயைப் பார்க்க ஆள் இல்லை" என்றால் மட்டும் பத்திரிகை வைக்க வந்தவர் வாயடைத்துப் போவார். "வாயில்லா ஜீவன், பாவம்" என்று அவரே நமக்காகப் பரிந்து பேசிவிட்டு எழுந்துகொள்வார்.

எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுகொண்டவர் என் மாமனார். மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். கல்யாணங்கள் என்றாலே அவருக்கு ஒவ்வாமை. சாப்பாட்டில் குறை கிடையாது, கேள்விகள்தான் குறை. மண்டபத்துக்குள் கால் வைத்ததும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்" என்று நிறுத்திவிடுவார்கள். சரியாகச் சொன்னால் பரிசு கிடையாது. தவறாகச் சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு.

தெருவில் குட்டியாக நின்ற மணியை அவர்தான் வீட்டுக்குத் தூக்கிவந்தார். அன்றிலிருந்து அவர் வாழ்க்கையில் வசந்தம். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் என்று எது வந்தாலும் ஒரே பதில்: "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. மணியைப் பார்க்க ஒரு ஆள் வேணும்லா." மொய்க் கவரில் முத்து முத்தாகத் தன் பெயரை எழுதி அத்தையிடம் கொடுத்துவிடுவார். மண்டபத்தில் "அவுக வரலியா?" என்று கேட்கிற அத்தனை பேருக்கும் பதில் சொல்வது அத்தையின் பொறுப்பு.

போன வைகாசியில் அத்தையின் அண்ணன் பேத்திக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். மாமா வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கி "மணியைப்" என்று முடிப்பதற்குள் என் கணவர், "அப்பா, இப்போ போர்டிங் வந்துருச்சு" என்றார். நாய்க்கு ஹாஸ்டல். நாம் ஊர் திரும்பும்வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அத்தை அன்று மாலை மாமாவுக்கு ஒரு பட்டுச்சட்டை எடுத்து வந்துவிட்டார்.

கூடவே அழைத்துப் போய்விட்டால் என்ன என்றும் ஒரு பேச்சு எழுந்தது. அதற்கு ரயில்வே விதிகளை மாமா மனப்பாடமாக ஒப்பித்தார். நாயை நம்முடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் மட்டுமே அனுமதி. அதிலும் இரண்டு பேர் கூப்பேயோ நான்கு பேர் கேபினோ முழுக்க நம் பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்க் கூண்டு. ஸ்லீப்பரிலும் மற்ற ஏசிப் பெட்டிகளிலும் பேச்சே கிடையாது. நாங்கள் ஐந்து பேர். கேபினில் நான்கு படுக்கை. ஐந்தாவது ஆளை என்ன செய்வது என்று யோசிக்கும்போதே மாமா கை தூக்கிவிட்டார். "அதுக்கு நான் வீட்லயே இருந்துக்கிடுதேன்."

தீர்மானம் தோற்றது. போர்டிங்தான் என்று முடிவானது. அடுத்த நாளிலிருந்து மாமா எதிர்க்கட்சி.

முதல் குண்டு ரஷ்யாவிலிருந்து வந்தது. "1957ல லைகான்னு ஒரு நாயை இப்படித்தான் கூண்டுல ஏத்தி ஸ்புட்னிக்ல அனுப்பினான். திரும்பி வந்துச்சா?"

எட்டாவது படிக்கும் என் மகள் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், "1960ல பெல்கா, ஸ்ட்ரெல்கான்னு ரெண்டு நாய் போயிட்டுப் பத்திரமாத் திரும்பி வந்துச்சு தாத்தா. ஸ்ட்ரெல்கா போட்ட குட்டிய கென்னடி வீட்டுக்கே கிஃப்டா அனுப்பிருக்காங்க" என்றாள். தாத்தா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

இரண்டாவது குண்டு மகாபாரதம். "சொர்க்கத்து வாசல்ல நின்னுக்கிட்டு, நாயை விட்டுட்டு வரமாட்டேன்னாரு தருமரு. இந்திரனே வந்து கூப்பிட்டும் ரதத்துல ஏறல. நாம என்னடான்னா ஒரு தாலிகட்டுக்கு..."

அடுக்களையிலிருந்து அத்தை வந்தார். "தருமர் நாயைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நீங்க நாயைச் சாக்கு வச்சு வீட்ல இருக்கீய. போற வழியில திரௌபதிதான் முதல்ல விழுந்தா. பொண்டாட்டிய ஏன்னு திரும்பிப் பார்க்கலை மனுசன். நாய்க்கு மட்டும் தேவேந்திரன்கிட்ட வாதாடினாரு. யாரு கதைய யாருகிட்ட சொல்லுதீய?" மாமா அதன் பிறகு இதிகாசங்கள் பக்கமே போகவில்லை.

பிறகு மருத்துவத்தில் இறங்கினார். "கென்னல் காஃப்னே ஒரு வியாதி இருக்கு. பேரே போர்டிங்ல வாரதுன்னுதான் வச்சிருக்கான்." இருமல் உண்மைதான். போர்டெடெல்லா போன்ற கிருமிகளால், நாய்கள் கூடும் இடங்களில் வேகமாகப் பரவும். ஆனால் அதற்குத் தடுப்பு மருந்து உண்டு, மூக்கில் விடுவது. அது போடாத நாயை நாங்கள் பார்த்த போர்டிங்கில் சேர்ப்பதே இல்லை. அதோடு ரேபிஸ் ஊசிச் சான்று, டிஸ்டெம்பர், பார்வோ எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியின் பதிவு, உண்ணிக்கு மருந்து கொடுத்த தேதி. கூடவே சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். நமக்கு ஆதார் எண் 12 இலக்கம். மணியின் தோலுக்கடியில் இருப்பது 15 இலக்கம். இதைக் கேட்டபோது மட்டும் மாமாவுக்குக் கொஞ்சம் பெருமை.

ஊசி விஷயம் தெரிந்ததும், "நானே கூட்டிட்டுப் போறேன்ம்மா" என்று ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குக் கிளம்பினார். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே உள்ள டாக்டர்கள் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. ஆடு, மாடு, கிளி, பூனை எல்லாவற்றோடும் வரிசையில் காத்திருந்து மத்தியானம் திரும்பினார். முகம் வாடியிருந்தது. நான் பயந்துபோய், "என்ன மாமா சொன்னாங்க?" என்றேன்.

"ஒரு கோளாறும் இல்லையாம்" என்று செருப்பைக் கழற்றிப் போட்டார்.

போர்டிங் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மண் ரோட்டில், சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்தது. அங்கே முன்கூட்டியே ஒரு பகல் கொண்டுபோய் விட்டுப் பார்க்க வேண்டும். மற்ற நாய்களோடு ஒத்துப்போகிறானா என்று அவர்கள் பார்ப்பார்கள். அட்மிஷன் கிடைக்காமல் போக அது கடைசி வாய்ப்பு என்பதால் மாமாவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மேஜையில் இருந்த பையன் படிவத்தை எடுத்து, "பேர் என்ன மேடம்?" என்றான்.

"மணி."

கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்தரை மேடம். நாய் பேரு?" என்றான். அவன்மேல் தப்பில்லை. அன்று அங்கே இருந்தவர்கள் ப்ரூனோ, ஓரியோ, சிம்பா, கோகோ.

அடுத்த கட்டம், ப்ரீட். படிவத்தில் ஷிட்சு முதல் சைபீரியன் ஹஸ்கி வரை இருந்தது. பனியில் வண்டி இழுக்கும் நாய் சென்னைக் கத்திரி வெயிலில் என்ன செய்கிறது என்பது தனிக் கட்டுரை. மாமாவின் கோபம் வேறு. "ராஜபாளையம் எங்கே? சிப்பிப்பாறை எங்கே? 2005ல ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே போட்டிருக்கு இந்திய அரசாங்கம். உன் காகிதத்துல இடம் இல்லையோ?" மணிக்கும் ராஜபாளையத்துக்கும் உள்ள ஒற்றுமை நாலு கால் என்பது மட்டும்தான். ஆனாலும் பையன் மிரண்டுபோய், "மற்றவை" என்ற கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் "சிறப்பு" என்று எழுதிக்கொண்டான்.

"வீட்ல என்ன சாப்பிடுவான்?" என்றதும் நான் சிக்கன் சாதம், தயிர் சாதம் என்று சொல்லி முடித்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலு மணிக்கு டீயோட மாரி பிஸ்கட்" என்றார். இது எனக்குத் தெரியாத தகவல். "வெங்காயம் போட்ட வடை கிடை ஏதாவது கொடுப்பீங்களா சார்? வெங்காயம், திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு விஷம்" என்றான் பையன். மாமா ஜன்னல் வழியாகச் சவுக்கு மரங்களை ரசிக்கத் தொடங்கினார்.

"சிடுசிடுன்னு இருப்பானா? கடிப்பானா?" என்பது கடைசிக் கேள்வி. மாமாவின் கண்ணில் ஒளி. "கொஞ்சம் முரடு. புது ஆள்னா பிடிக்காது. கூட்டம்னாலே ஆகாது. யாராவது வந்து உரசிக்கிட்டு நின்னா எரிச்சல்படுவான்." அவர் தன் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மணி, மேஜைக்கு அடியில் புகுந்து அந்தப் பையனின் மடியில் தலையை வைத்து, வாலால் தரையைப் பெருக்கினான். அட்மிஷன் உறுதியானது. ஓர் இரவுக்கு 700 ரூபாய். "திருநெல்வேலி ஜங்ஷன்ல இதுல ரூமும் கொடுத்து காலைல காப்பியும் கொடுப்பான்" என்று மாமா முனகியது யார் காதிலும் விழவில்லை.

வீட்டு வாசனை உள்ள, துவைக்காத துணி ஒன்றைக் கொடுக்கச் சொன்னார்கள். புது இடத்தில் நாய்க்கு அந்த வாசனை ஆறுதலாம். அத்தை யோசிக்கவே இல்லை. மாமா வருடக்கணக்காகத் தூக்கிப்போட மறுத்துவந்த பழைய சாரத்தைச் சுருட்டிப் பையில் வைத்தார். ஒரே கல்லில் அத்தை அடித்த மாங்காய்கள் பல. மாமா பட்டுச்சட்டையோடு எழும்பூரில் ரயில் ஏறினார். சாரம் சவுக்குத் தோப்பில் தங்கியது.

கல்யாண வீட்டில்தான் நாங்கள் எதிர்பாராதது நடந்தது. போர்டிங்கில் கேமரா உண்டு. கைப்பேசியில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெரியவர் மாமாவின் கையைப் பிடித்து, "யாருன்னு தெரியுதா?" என்று ஆரம்பித்தார். மாமா பதிலே சொல்லாமல் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இவன் யாருன்னு தெரியுதா?" என்றார். பெரியவர் கேட்ட கேள்வியை மறந்து கண்ணாடியைத் தேடினார். ஐந்து நிமிடத்தில் மாமாவைச் சுற்றி ஒரு கூட்டம். "அந்தா, தண்ணி குடிக்கான் பாரு." "பக்கத்துல நிக்கது பொட்டையா?" மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட அவ்வளவு பேர் நின்றார்களா என்பது சந்தேகம். வாழ்நாளில் முதல்முறையாக மாமா ஒரு கல்யாணத்தில் இரண்டாவது பந்திவரை இருந்தார். சொதிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

அப்போது ஓர் உறவினர், மாமா வயதுக்காரர், பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எங்க வீட்லயும் ஒண்ணு நிக்கி வே. அதனாலதான் நான் எங்கேயும் போறது இல்ல. இன்னைக்கு உள்ளூர் கல்யாணம்ங்கதால தப்பிக்க முடியல" என்றார்.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். நான் பின்னால் பூத்தட்டோடு நிற்பதைக் கவனிக்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அவர் பக்கம் சாய்ந்து, "அப்பம் இந்தப் போர்டிங் கீர்டிங்கு விசயத்தை உம்ம வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீரும்" என்றார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பி மணியை அழைக்கப் போனபோது ஒரு ரிப்போர்ட் கார்டு கொடுத்தார்கள். சாப்பாடு: நன்று. தூக்கம்: நன்று. பழக்கம்: எல்லோரிடமும் அன்பாக இருக்கிறான், மீண்டும் வரலாம். மணி மாமாவின் தோள்வரை எம்பி, முகமெல்லாம் நக்கித் தீர்த்தான். மாமா அவன் காதைத் தடவிக்கொண்டே, "ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்திருந்தா என்னலே உனக்கு?" என்று கேட்டார். அடுத்த முறை வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு சீட்டும் தந்தார்கள். அதை அத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஆவணிக்கு வந்திருக்கும் பத்திரிகைக்குப் பக்கத்தில், இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி.

மாமா ஒரு வாரம் அந்தக் கதவைத் திறந்து மூடினார். பிறகு ஒருநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துக் கொளத்தூர் போனார். வண்ணமீன் வாங்க வேண்டுமென்றால் சென்னையில் எல்லோரும் போகிற இடம் அதுதான். சாயங்காலம் ஆட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டி, காற்றுக்குழாய், பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு சில கப்பி மீன்கள் வந்து இறங்கின. "பேத்திக்கு ஆசையா இருக்கும்னு வாங்கினேன்" என்றார். பேத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தொட்டியை ஹாலில் வைத்து, தண்ணீர் நிரப்பி, விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நிம்மதி. ஆட்டோக்காரருக்குச் சில்லறை கொடுக்கக் கீழே போன என் கணவர்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்தார். கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி மாமா விலையைப் பேரம் பேசவே இல்லையாம். எல்லாக் கடையிலும் ஒரே ஒரு கேள்விதானாம்: "மீனுக்குப் போர்டிங் எதுவும் கிடையாதுல்லா?"