ஜெர்மனி அண்ணன்

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை இல்லாத தெருவைக்கூடக் காட்டிவிடலாம். ஜெர்மனி அண்ணன் இல்லாத தெருவைக் காட்டுவது சிரமம். சில தெருவில் அவர் பாரீஸ் அண்ணன், சில தெருவில் லண்டன் அண்ணன். பனியன் கம்பெனி வைத்திருப்பார், அல்லது மெர்ச்சண்டைசராக இருந்து ஓய்ந்திருப்பார். என்றோ ஒரு முறை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரைப் பார்க்கப் போய் வந்தவர். போனது ஒரு வாரம். பேசி முடிக்க இந்த ஜென்மம் போதாது.

டீக்கடையில் டம்ளர் கைக்கு வந்ததும் குடிக்க மாட்டார். "ஏனுங், இதே டீ அங்க மூணு யூரோ. நம்ம காசுக்கு..." என்று பெருக்க ஆரம்பிப்பார். யூரோ மதிப்பு ஏற ஏற, அவர் அன்றைக்குக் குடித்த டீயின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

பட்டறையில் பித்தளை அண்டா தட்டும் சத்தம் கேட்டால் முகம் சுளிப்பார். "அங்க ஞாயித்துக்கெழம செவுத்துல ஆணி அடிச்சாலே பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துருவானுங்க." அப்பா அண்டா தட்டிய காசில் பாஸ்போர்ட் எடுத்தவர் என்பதை ஊர் மரியாதைக்காகச் சொல்லாமல் விடும்.

கொலோன் பேராலயம் அவருக்கு மனப்பாடம். உயரம் 157 மீட்டர். 1248-ல் கட்ட ஆரம்பித்து 1880-ல் முடித்தார்கள். "632 வருசமுங்க! என்ன பொறுமை!" என்று கண்கலங்குவார். அதே ஊர்ப் பையர், சரக்கு தூத்துக்குடியில் கப்பலேற ஒரு வாரம் தாமதமானதற்கு, மொத்தத்தையும் இவர் செலவிலேயே விமானத்தில் அனுப்ப வைத்தாரே என்று கேட்டால், "அது டிசிப்ளினுங்க" என்பார்.

அவர் சொல்லாத கதையைக் கூடப் போனவர் சொல்வார். பேராலயத்துக்குப் பக்கத்துத் துணிக்கடையில் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் எடுத்தாராம். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் பார்த்தார், பேட்லாக் பார்த்தார், கழுத்தை இழுத்துப் பார்த்தார். பிசிர் தொங்கியது. நகத்தால் கிள்ளினார். அடுத்த பீஸ், அதற்கடுத்த பீஸ் என்று ஒரு அடுக்கையே முடித்துவிட்டார். பதறி ஓடி வந்த கடைப் பெண்ணிடம், "செக்கிங் சரியில்லம்மா, ஆள மாத்து" என்று தமிழிலேயே சொன்னாராம். லேபிளைப் பார்த்தால் 'மேட் இன் இந்தியா'. மாற்ற வேண்டிய ஆள் ஒருவேளை நம்ம ஊரிலேயே இருந்திருக்கலாம்.

அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார். வாரம் முழுக்க அவர் தின்றது வீட்டில் கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியும் முறுக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் அவர் மாட்டிக்கொள்வார். "ரைன் ஆத்தப் பாக்கோணுமுங்க, என்ன சுத்தம்! நம்ம நொய்யலும் இருக்குதே!" என்பார். பெஞ்சில் பீடி குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர் மெதுவாகக் கேட்பார்: "ஏம் மாப்ள, அவிய போடற சட்டைக்குச் சாயம் எந்த ஆத்துல கரைஞ்சுதாம்?"

பதில் வராது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, துணிக்குச் சாயம் போட ஊர் ஊராக அலைந்தவர் அவர்.

அவருக்குத் தெரியாத சேதி ஒன்றும் உண்டு. ரைனும் பிறவியிலேயே சுத்தமான ஆறு இல்லை. 1986-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே ரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தபோது, ஆறு சிவந்து ஓடி, மீன்கள் செத்து மிதந்தன. அதற்குப் பிறகு கரையோர நாடுகள் கூடித் திட்டம் போட்டு, பணம் போட்டு, ஆற்றை மீட்டன.

ஜெர்மனி அண்ணன்கள் எல்லாரிடமும் உள்ள குறை இதுதான். ஊர் எவ்வளவு சுத்தம் என்று பார்த்து வருவார்கள். எப்படிச் சுத்தமானது என்று ஒருவரையும் கேட்டு வர மாட்டார்கள். அடுத்து பையரைப் பார்க்கப் போகிறவர்கள் யாராயிருந்தாலும், தயவுசெய்து அதையும் விசாரித்து வாருங்கள். பேராலயத்தின் உயரம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.