ஜீப்பில் இடைச்செருகல்: ஒரு பாடபேத ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், என் மச்சானின் பழைய எம்எம் 540 ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் பெரிய இன்ஜின் இறக்கிய வரலாற்றை நுதலிற்று. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வருகிறார்கள்; அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறின. ஜீப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் ஏடெழுதுவோன் கைபட்டுச் சுவடி கெடுவதுபோல மேஸ்திரி கைபட்டு ஜீப் கெடுவதால், சுவடிக்குரிய முறையையே இங்கும் கைக்கொள்கிறேன். ஆர்.சி. புக் மூலபாடம். பின்னால் இறக்கிய இன்ஜின் இடைச்செருகல். பின்பக்கக் கூரையை அறுத்துவிட்டுப் பிக்கப் ஆக்கியது யார் காலத்துத் திருத்தம் என்பதில் மச்சானுக்கும் முந்தைய ஓனருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

முதலில் தொன்மை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். ஜீப் பற்றி மூச்சு விடவில்லை. ஆகவே அது அவருக்குப் பிற்பட்டது என்று துணியலாம். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தவர் பெயர் வீலர். ஃபோர் வீலர் ஆய்வுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. மகிந்திரா கம்பெனி தொடங்கியதும் அதே 1945இல்தான். இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது என்பவர்கள் ஆய்வு நெறி அறியாதவர்கள்.

அடுத்து பிரெஞ்சுத் தொடர்பு. இதில் விளையாட்டில்லை. 1954 நவம்பர் 1இல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள். முப்பது ஆண்டு கழித்து, அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வம்சத்தில் வந்த இந்த 540இன் மூக்குக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு பிரெஞ்சு இன்ஜின் திரும்பி வந்தது: பெஜோவின் எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 90 மி.மீ. துளை என்பதைத்தான் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் ஓட்டம் 83 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 2112 சிசி. மச்சான் ஆசைப்பட்டது அதே பெஜோ குடும்பத்து எக்ஸ்டி3பி மேல். துளை 94, ஓட்டம் 90, ஆக 2498 சிசி. வித்தியாசம் 386 சிசி. அது எவ்வளவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூரில் விளக்கமே தேவையில்லை: ஒரு ஆஃப், மேலே 11 மில்லி.

"பங்காளி இன்ஜின்தான் சார், ஒரே ரத்தம். அப்படியே உக்காந்துக்கும்" என்றார் மேஸ்திரி. பங்காளி என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். செயின் பிளாக்கில் தொங்கிய இன்ஜின் சேஸிஸுக்கு மேலே அரையடியில் நின்றுவிட்டது. மவுண்டிங் இடிக்கிறது என்றார். வெட்டி, நகர்த்தி, வெல்டிங் வைத்தார். உட்கார்ந்த பிறகு ஃபேன் ரேடியேட்டரை உரசியது. ரேடியேட்டரை முன்னே தள்ளினார். அது கிரில்லைத் தொட்டது. கிரில்லின் பின்பக்கத்தைச் சுத்தியலால் தட்டி வழி செய்தார். ஒரு சொல்லைத் திருத்தப் போய் பாட்டு முழுக்கத் தளை தட்டும் என்று புலவர்கள் சொல்வது இதைத்தான். கியர் பாக்ஸும் டிரம் பிரேக்கும் மட்டும் மூலபாடமாகவே விடப்பட்டன. வண்டி இப்போது முன்னைவிட வேகமாகப் போகிறது. நிற்பது பழைய வேகத்தில்தான்.

எதற்காக இந்தப் பலம் என்ற வினாவையும் ஆராய்ந்தேன். ஊர் பாய் விரித்தது போலத் தட்டை. பெயரில் மேடுள்ள இடம் கோரிமேடு. ஜிப்மர் போகும் டவுன் பஸ்கள் நிறைமாதக் கர்ப்பிணிகளோடு அதைத் தினமும் ஏறுகின்றன. கடற்கரைச் சாலையில் காற்று வாங்க ஓட்டலாம் என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிக்கு அனுமதியில்லை. மச்சானிடம் கேட்டேன்.

"இருக்கட்டுமே மாப்ளே" என்றார்.

இதற்கு மேல் எந்த உரையாசிரியரும் பொருள் சொல்லிவிட முடியாது.

சட்ட வல்லுநர்கள் இடைச்செருகலை ரசிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மேஸ்திரி செய்த மாற்றங்களை எண்ணத் தொடங்கிய மச்சான் ரேடியேட்டரோடு நிறுத்திக்கொண்டார்.

மூலபாடத்துக்கே திரும்பிவிடுவது என்று இப்போது முடிவாகியிருக்கிறது. ஆனால் பழைய இன்ஜினை மேஸ்திரி அன்றைக்கே காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். 2112 சிசி, பச்சை பெயின்ட், சம்ப் ஓரத்தில் ஒரு நெளிவு. ஆர்.சி. புக்கில் உள்ள எண் அதில்தான் அடித்திருக்கிறது. யார் கண்ணிலாவது பட்டால், தயவுசெய்து உருக்குவதற்குள் சொல்லுங்கள்.