இரண்டாம் விருப்பு

கொழும்பு வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடைகளில் அரசியல் விவாதம் மிக மரியாதையாகவே நடக்கும், மேசையில் எல்லாரும் ஒரே கட்சியாக இருந்தால். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் அந்த மரியாதையைக் கெடுத்துவிட்டது. சங்குச் சின்னக்காரர் ஊதத் தொடங்கினால் அடுத்தவர் குரல் அவர் காதில் விழாது. டெலிபோன்காரர் தான் சொல்வதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். திசைகாட்டிக்காரர் கேட்காமலே வழி காட்டுவார். சிலிண்டர்காரரோ 2022 காஸ் வரிசையை நினைவூட்டி, இப்போது வரிசை இல்லையே என்று நன்றி எதிர்பார்ப்பார். "அண்ணை சொல்லுறதும் சரிதான், ஆனால்..." என்று யாராவது இழுத்தால் பிளேன்டீ ஆறிவிடும். கொட்டாஞ்சேனையில் இதே சண்டை சிங்களமும் கலந்து நடக்கும்; இரண்டு மொழியிலும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் நம் தேர்தல் சட்டம் பெருந்தன்மையானது. ஒருவருக்கு 1 போட்ட பிறகு 2, 3 என்று இன்னும் இருவரை விரும்ப இடம் தருகிறது. முதலிடத்தில் வந்த அநுர குமார திசாநாயக்கவுக்கும் பாதியைத் தாண்டாமல் 42.31 சதவீதமே கிடைத்ததால், நாட்டில் முதன்முறையாக அந்த விருப்புகளையும் எண்ணினார்கள். தோற்று விலக்கப்பட்டவர்களின் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில், அநுரவுக்கும் இரண்டாமிடத்தில் வந்த சஜித்துக்கும் சேர்த்து 3 இலட்சம்கூடத் தேறவில்லை.

சட்டம் தந்தும் நாம் எடுக்கவில்லை. அடுத்த முறை வாதாட உட்காரும்போது, எதிரே இருப்பவருக்கு உங்கள் இரண்டாம் விருப்பையாவது போட்டுவிட்டு வாயைத் திறவுங்கள். காசு கேட்கமாட்டார்கள்.