நம்ம பக்கம் பேசுவது யார்?

கே: சமரசப் பேச்சுக்கு நிர்வாகம் பெரிய வக்கீலோடு வந்தால்? (அம்பத்தூர்)

ப: வாசல் வரை வரட்டும். சமரச அதிகாரி முன்னால் எந்தத் தரப்புக்கும் வக்கீல் கிடையாது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 36ஆம் பிரிவு கிழித்த கோடு அது. 2020ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் அதை அழிக்கவில்லை. உங்களுக்காக உங்கள் சங்க நிர்வாகி பேசலாம்.

கே: லேபர் கோர்ட்டிலும் அப்படியா? (ஓசூர்)

ப: அங்கே வக்கீல் வரலாம். ஆனால் எதிர்த்தரப்பின் சம்மதம், கோர்ட்டின் அனுமதி இரண்டும் வேண்டும். வக்காலத்து மட்டும் போதாது என்று 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. முதலாளிகள் சங்கத்தில் பொறுப்பு வகிக்கும் வக்கீல், அந்தப் பொறுப்பின் பேரில் வந்தால் தடுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆட்சேபம் இருந்தால் முதல் வாய்தாவிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

கே: எட்டாவது படித்த எங்கள் செயலாளர் சட்டம் படித்தவரோடு மோத முடியுமா? (கோவை)

ப: நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு லேத்தில் தூங்கினான் என்று ஒருவருக்கு வேலை போயிற்று. ஷிப்ட் மேனேஜர் சாட்சிக் கூண்டில் நின்றார். எங்கள் செயலாளர் ஒரு ஃபிட்டர். நாலாக மடித்திருந்த உற்பத்திச் சீட்டைப் பிரித்து நீட்டினார். கிரீஸ் கறை படிந்த சீட்டு. "இது உங்க கையெழுத்துதானுங்களே? ரெண்டுல இருந்து மூணுக்குள்ள 18 பீஸ்னு போட்டிருக்கீங்க. தூங்கினவன் எப்படி சார் 18 பீஸ் அடிச்சான்?" மேனேஜர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மெஷினோடு வாழ்ந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். சட்டப் பாயின்டுக்கு ஒரு வக்கீலிடம் முன்னாடியே யோசனை கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தடையில்லை.

கே: உள்விசாரணைக்கு வக்கீல் வைத்துக்கொள்ளலாமா?

ப: பொதுவாகச் சக தொழிலாளிதான் துணை. நிர்வாகத் தரப்பில் சட்டம் தெரிந்தவரை நிறுத்தினால் நீங்களும் கேட்கலாம். 1982இல் பம்பாய் துறைமுக வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு உங்களுக்குத் துணை. மறுத்தால், மறுத்தது விசாரணைக் குறிப்பில் ஏறட்டும்.

கே: பெரிய சங்கம் போட்ட ஒப்பந்தம் எங்கள் சின்னச் சங்கத்தையும் கட்டுமா? (திருப்பூர்)

ப: 1947ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி அது 18(1)ஆ, 12(3)ஆ? முன்னது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டும். பின்னது சமரச அதிகாரி முன்னால் போட்டது. எல்லோரையும் கட்டும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும் சேர்த்து.

கே: ஜெயித்துவிட்டோம். நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டது.

ப: அங்கே வக்கீல் வையுங்கள். மறுபடி வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்துப் போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேட்கலாம். பழைய சட்டத்தின் 17பி என்று நாம் சொல்வது இதைத்தான். வேறெங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் வேண்டும். முதல் வாரமே போடச் சொல்லுங்கள். மளிகைக் கடைப் பாக்கி தீர்ப்புக்காகக் காத்திருக்காது.

கே: வேலைநிறுத்தம் செய்ததற்காகச் சங்கத்தின் மேல் நஷ்டஈடு வழக்குப் போடுவோம் என்கிறார்கள்.

ப: சென்னை அந்த மிரட்டலை நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்தது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தகராறில் சங்கத் தலைவர் பி.பி.வாடியா மேலேயே ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு, தடையும் வாங்கினார்கள். அந்த அடிதான் 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்து. அதன் 18ஆம் பிரிவு, பதிவான சங்கத்துக்கு இத்தகைய சிவில் வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. அடிதடிக்கு அது பொருந்தாது. சங்க ஆபீஸ் சுவரில் பதிவுச் சான்றிதழை மாட்டியிருப்பீர்களே, அதன் நகலை வழக்குக் கட்டில் முதல் தாளாக வையுங்கள்.