தோழியைச் சாகடித்து நாவல் எழுதுவது எப்படி?

இளையோர் நாவல் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். கதையும் தயார்: இரண்டு தோழிகள், ஒருத்தி செத்துப்போகிறாள், இன்னொருத்தி நொறுங்கிப்போய்க் கடைசி அத்தியாயத்தில் எழுந்து நிற்கிறாள். பாதிக்கு மேல் எழுதியும் முடித்திருப்பீர்கள். கீழே உள்ள படிகளில் பலவற்றை யாரும் சொல்லித்தராமலே செய்திருப்பீர்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சரிபார்த்துக்கொள்ளத்தான் இந்த வழிகாட்டி.

அதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை. உயிர்த்தோழியை நிஜமாகவே பறிகொடுத்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உங்கள் புத்தகத்தைக் கையில் எடுக்கக்கூடும். அவளை இப்போதே மறந்துவிடுங்கள். அவள் மனத்தில் இருந்தால் எழுத்து ஓடாது.

1. சாகப்போகிறவளை ஆளாக விடாதீர்கள்

தலைமுடியில் ஒரு நீலக் கீற்று. தோளில் கிட்டார். ராத்திரியில் நட்சத்திரம் பார்க்கும் பழக்கம். மூன்று போதும். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் உயிர் வந்துவிடும். வாங்கிய ரெக்கார்டு நோட்டைத் திருப்பித் தராதவள், தோழிக்கு மார்க் கூடினால் முகம் சுருங்குகிறவள் என்றெல்லாம் எழுதிவைக்காதீர்கள். இருவருக்கும் சண்டையே வந்ததில்லை. முப்பதாம் பக்கத்தில் கொன்றுவிடுங்கள்.

கேத்தரின் பேட்டர்சன் 1977இல் 'பிரிட்ஜ் டு டெராபிதியா'வில் இந்த இடத்தில்தான் சறுக்கினார். லெஸ்லி என்ற சிறுமியைப் புத்தகத்தின் பெரும்பகுதிக்கு உயிரோடு விட்டுவைத்தார். அவள் வகுப்புப் பையன்களை ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கிறாள். ஓடைக்கு அப்பால் காட்டுக்குள் ஜெஸ் என்ற பையனோடு சேர்ந்து ஒரு ராஜ்ஜியமே அமைக்கிறாள். கடைசியில் கயிறு அறுந்து அவள் ஓடையில் விழுந்து சாகும்போது, வாசிக்கிறவருக்கும் ஒரு சிநேகிதி போய்விடுகிறாள். எதற்கு இந்த வம்பு? முப்பதாம் பக்கத்தில் கொன்றால் யாருக்கும் வலிக்காது. கண்ணீர் மட்டும் வரும்.

2. சாவை அழகாக வையுங்கள்

நோய் என்றால் முகம் வெளுக்கலாம். உடம்பு நாறக் கூடாது. முடி கொட்டினால் தலையில் அழகான துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். கடைசி மூச்சுக்கு முன் தெளிவாக நாலு வாக்கியம் பேசவிடுங்கள்.

மாதிரிக்கு ஜான் கிரீன் 2012இல் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் பயணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள். நடுராத்திரி, வயிற்றில் பொருத்திய குழாயில் தொற்று, மேலெல்லாம் வாந்தி. தன்னால் ஒரு சிகரெட் பாக்கெட்கூட வாங்க முடியவில்லையே என்று நாயகன் அகஸ்டஸ் காருக்குள் உட்கார்ந்து அழுகிறான். கிரீன் இளவயதில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மதப் பணியாளராகப் பயிற்சி பெற்றவர். பார்த்த ஆளுக்கு இப்படித்தான் எழுத வரும். நீங்கள் வார்டு பக்கமே போகாதீர்கள்.

3. பனி பெய்யும் ஊராகப் பாருங்கள்

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அமெரிக்கச் சிற்றூரைப் பற்றி எழுதுங்கள். மேப்பிள் மரம், மஞ்சள் பள்ளிப் பேருந்து, லாக்கர் வரிசை. பெயர்களை மட்டும் நம் பெயர்களாக்கினால் போதும், ஊர் நம்முடையதாகிவிடும்.

நம் பள்ளியில் ஒரு பிள்ளை செத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மறந்துவிடுங்கள். அசெம்பிளியில் ஒரு நிமிட மௌனம், அரை நாள் லீவு, தெருமுனையில் சீருடைப் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' ஃபிளெக்ஸ். லீவு விட்டதில் பையன்களுக்கு உள்ளூரச் சின்ன சந்தோஷம். மறுநாள் பழக்கதோஷத்தில் டீச்சர் அட்டெண்டன்ஸில் அந்தப் பெயரையும் வாசித்துவிடுகிறார். "அதையே நெனச்சிட்டிருக்காத, பரிச்சைக்குப் படி" என்கிறாள் அம்மா. இதில் கதை ஏது? பனி பெய்யட்டும்.

4. துக்கத்தை ஐந்து பாகமாக நறுக்குங்கள்

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. பாகத்துக்கு நாற்பது பக்கம். இதை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிவைத்தார். அவர் பேசியது தாங்களே சாகப்போகிற நோயாளிகளோடு. இவை வரிசையாக ஏறும் படிகள் அல்ல என்று பின்னாளில் அவரே விளக்கம் சொல்ல நேர்ந்தது. இதையெல்லாம் வெளியே சொல்லாதீர்கள். அத்தியாயம் பிரிக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது.

5. அசிங்கமான நினைப்பு ஒன்றுகூட வரவிடாதீர்கள்

உங்கள் நாயகி அழலாம், ஜன்னல் வழியே பார்க்கலாம், சாப்பாட்டைத் தள்ளிவிடலாம். பசிக்கக் கூடாது. தோழி செத்த மறுநாள் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டோமே என்று கூசிப்போகக் கூடாது.

பேட்டர்சனின் ஜெஸ் அப்படித்தான் கெட்டுப்போனான். இசை டீச்சர் அவனை வாஷிங்டனுக்குக் கூட்டிப்போகிறார். லெஸ்லியையும் கூப்பிட்டிருக்கலாமே என்று வழியில்தான் தோன்றுகிறது; அப்போதும் டீச்சரோடு தனியாகப் போகும் ரகசிய சந்தோஷத்தை அவனால் அடக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் அவள் சாகிறாள். இனி வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் தான்தான் என்ற நினைப்பும் அவனுக்குள் வந்துபோகிறது. எழுதக்கூடிய விஷயமா இது?

பேட்ரிக் நெஸ் 2011இல் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' இன்னும் மோசம். தாய்க்குப் புற்றுநோய். பதின்மூன்று வயது கானரை ஓர் அரக்கன் திரும்பத் திரும்பத் தேடி வந்து உண்மையைச் சொல் என்கிறான். கடைசியில் பையன் வாய்விட்டுச் சொல்கிறான்: அம்மா பிழைக்க மாட்டாள் என்று எனக்கு முன்பே தெரியும், இது எப்படியாவது முடிந்து தொலைந்தால் போதும் என்று இருந்தது. இதைப் படித்து அந்தப் பதினைந்து வயதுக்காரி, 'அப்போ நான் மட்டும் இல்லையா' என்று மூச்சு விடுவாள். அவளை மறந்துவிட்டோம் அல்லவா? மேலே போவோம்.

6. காயத்தை சஸ்பென்ஸாக வையுங்கள்

நாயகிக்கு 'அந்த ராத்திரி' ஏதோ நடந்தது. என்ன என்று முந்நூறாம் பக்கம் வரை சொல்லாதீர்கள். ஆறு பக்கத்துக்கு ஒருமுறை, 'அதைப் பற்றி நினைக்க மாட்டேன்' என்று அவளை நினைக்கவையுங்கள். அவளுக்கு நேர்ந்தது வாசகருக்குப் பரிசுச் சீட்டு. கடைசியில் சுரண்டிப் பார்க்கட்டும்.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999இல் 'ஸ்பீக்' நாவலில் வேறு வழியில் போனார். அதன் நாயகி மெலிண்டாவும் பேசுவதில்லை. ஆனால் அவள் பேசாதது வாசகருக்குப் புதிர் போடுவதற்காக அல்ல. நடந்ததை அவளுக்கே பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. கோடை விடுமுறை விருந்தொன்றில் வல்லுறவுக்கு ஆளாகி போலீஸுக்கு போன் செய்தவள். ஏன் செய்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. விருந்தைக் கெடுத்தவள் என்று பள்ளியே ஒதுக்கிவைக்கிறது. அவள் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்ட உதடும், துப்புரவுப் பணியாளரின் பழைய அறைக்குள் ஒளிந்துகொள்வதும், ஓவிய வகுப்பில் வருடம் முழுக்க வரைந்தும் வரைந்தும் சரியாக வராத ஒரு மரமும்தான் கதை. உண்மையைப் பழைய தோழியிடம் நூலகத்தில் தாளில் எழுதிக் காட்டுகிறாள். தோழி கட்டிக்கொண்டு அழவில்லை. பொறாமையில் பொய் சொல்கிறாய் என்று கோபித்துக்கொண்டு எழுந்து போகிறாள். உங்கள் நாவலில் கட்டாயம் கட்டிக்கொண்டு அழவேண்டும்.

7. செத்தவளுக்கு வேலை கொடுங்கள்

செத்துப்போனாள் என்பதற்காகச் சும்மா விடாதீர்கள். கடிதம் எழுதிவைத்திருக்கட்டும். பத்து கட்டளைகள் அடங்கிய பட்டியல் இன்னும் நல்லது: கடலில் குளி, முடியை வெட்டு, அவனிடம் பேசு. ஒவ்வொன்றாகச் செய்து முடித்தால் துக்கமும் முடிந்துவிடும்.

துணிச்சல் இருந்தால் தற்கொலையையே புதிராக்கிவிடுங்கள். ஜே ஆஷர் 2007இல் 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' நாவலில் செத்த பெண்ணின் குரலை ஏழு கேசட்டுகளில் பதிந்து, அவள் யார் யாரைக் காரணம் சொன்னாளோ அவர்கள் கைக்கெல்லாம் போகவிட்டார். சாவே பேசி, சாவே பழி தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 2017இல் அது நெட்ஃபிளிக்ஸ் தொடரானது. மனநல மருத்துவர்கள் கூப்பாடு போட்டார்கள். 2019இல் அந்தப் பெண்ணின் தற்கொலைக் காட்சியையே நெட்ஃபிளிக்ஸ் வெட்டி எடுத்தது. இரண்டு வருடம் கழித்துத்தானே, அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்திருப்பார்கள். கவலைப்படாதீர்கள்.

நிஜத்தில் செத்தவர்கள் எதையும் அனுப்புவதில்லை. வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்து கிடப்பது 'மேத்ஸ் ஹோம்வொர்க் அனுப்புடி' என்ற ஒரு வரி. அனுப்பாமலே விட்டிருப்பாள் பிழைத்த தோழி. அந்த ஒரு வரியை வைத்து நாவல் எழுத முடியுமா என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

8. குணப்படுத்த ஒரு பையனைக் கொண்டுவாருங்கள்

மனநல ஆலோசகர் இரண்டு முறை வரலாம். அவர் கேள்வி கேட்கக் கூடாது. பொன்மொழி சொல்ல வேண்டும். மருந்து, கட்டணம், அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது என்ற பேச்செல்லாம் வேண்டாம். மீதி வேலையைப் பள்ளிக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் பார்த்துக்கொள்வான். முதல் முத்தத்துக்குப் பிறகு அவளுக்குக் கெட்ட கனவே வரக் கூடாது.

நீனா லக்கூரின் 'வி ஆர் ஓகே' 2018இல் இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது வாங்கியது. அதில் நடப்பது என்ன? தாத்தாவைப் பறிகொடுத்து யாரிடமும் சொல்லாமல் ஓடிவந்த மாரின், விடுமுறையில் காலியாகிப்போன கல்லூரி விடுதியில் தனியாக இருக்கிறாள். மேபெல் என்ற பழைய தோழி வந்து மூன்று நாள் தங்குகிறாள். ஒரு காலத்தில் அவர்களுக்குள் காதலும் இருந்தது. அந்தக் காதல் திரும்ப வந்து எதையும் சரிசெய்வதில்லை. மேபெல் கேட்கிறாள், மாரின் சொல்லமுடியாமல் தவிக்கிறாள், வெளியே பனி கொட்டுகிறது. அவ்வளவுதான். பனி சரி. மற்றதை உங்கள் வாசகர்கள் தாங்க மாட்டார்கள்.

9. கடைசிப் பக்கத்துக்குள் ஆற்றிவிடுங்கள்

'ஓராண்டுக்குப் பிறகு' என்று தலைப்பிடுங்கள். சூரியன் உதிக்கட்டும். அஸ்தி கரையட்டும். நாயகி சிரிக்கட்டும். அடுத்த வருடம் அதே தேதியில் திரும்பவும் வயிற்றைப் பிசையுமே என்று யாரும் கேட்க மாட்டார்கள், புத்தகம் முடிந்துவிட்டது.

ஜேசன் ரெனால்ட்ஸ் 2017இல் 'லாங் வே டவுன்' எழுதினார். அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்டான். பழிவாங்க இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு தம்பி லிஃப்டில் இறங்குகிறான். ஒவ்வொரு மாடியிலும் செத்த ஒருவர் உள்ளே ஏறுகிறார். ஒரு நிமிடப் பயணம்தான் மொத்த நாவலும். கீழே போய்ச் சேர்ந்ததும் அவன் சுடுவானா மாட்டானா என்பதை வாசகர் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார் ஆசிரியர். பொறுப்பற்ற மனிதர். நீங்கள் பிள்ளைகளை யோசிக்கவிடாதீர்கள்.

10. பெரியவர்களிடம் காட்டித் தணிக்கை செய்யுங்கள்

மாமா, சித்தப்பா, தலைமையாசிரியர், பரிசுக் குழுவின் நடுவர். இவர்களில் யார் நெளிந்தாலும் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். நெளியவைத்த புத்தகங்களின் கதி தெரியுமல்லவா? 'டெராபிதியா'வை அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லி 1990களில் திரும்பத் திரும்பப் புகார்கள் வந்தன. ஜான் கிரீனின் 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா', நூலகங்களில் அதிகம் எதிர்ப்புக்குள்ளான புத்தகங்களுக்கான 2015ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது.

முக்கியமாக, யாரோ ஒரு பிள்ளைக்காக எழுதிவிடாதீர்கள். பேட்டர்சனின் மகன் டேவிடுக்கு எட்டு வயதில் ஓர் உயிர்த்தோழி இருந்தாள்; 1974இல் மின்னல் தாக்கி இறந்துபோனாள். அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் தாய் நாவலை எழுதினார். பிள்ளை வளர்ந்து, 2007இல் அது திரைப்படமானபோது திரைக்கதையில் கைகொடுத்தார். 'எ மான்ஸ்டர் கால்ஸ்' கதையை முதலில் யோசித்தவர் ஷிவோன் டவுட். எழுதுவதற்குள் மார்பகப் புற்றுநோய் அவரையே கொண்டுபோனது. அவர் விட்டுச்சென்ற கருவைத்தான் நெஸ் எழுதி முடித்தார். இவர்களுக்கெல்லாம் சாவு வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது. உங்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பெரியவர்களுக்காகவே எழுதுங்கள்; புத்தகத்துக்குக் காசு கொடுப்பவர்கள் அவர்கள்தாம்.

அவ்வளவுதான். பத்துப் படியும் தவறாமல் ஏறினால், யாரையும் பறிகொடுக்காத அத்தனை பேருக்கும் உங்கள் நாவல் பிடித்துப்போகும். மதிப்புரையில் 'நெகிழ்ச்சி' என்ற சொல் நிச்சயம். பதிப்பாளர் இரண்டாம் பாகம் கேட்பார். அதற்காக, பிழைத்த தோழியைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை அவளைக் கொல்ல வேண்டியிருக்கும்.