ஆழ்வார் களவு போனார்

ஸ்ரீரங்கத்தில் ஒரு திருடனுக்கு வீதி உண்டு. நான்காம் பிராகாரம், ஆலிநாடன் திருவீதி. ஆலிநாடன் என்றால் திருமங்கையாழ்வார். வழிப்பறியில் காலம் தள்ளியவர். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் தூக்கி வந்து, அந்தக் காசில் அரங்கனுக்கு மதில் கட்டியவர். இதைச் சொல்வது பகுத்தறிவுப் பாசறை இல்லை. குருபரம்பரைக் கதையே சொல்கிறது. கூலி கேட்டு நின்ற ஆட்களைக் கொள்ளிடத்தில் மூழ்கடித்ததையும் மறைக்காமல் சொல்கிறது. மதிலை நேராக இழுத்தால் தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் போய்விடும் என்று வளைத்துக் கட்டியதையும் சொல்கிறது. (இன்றைக்கென்றால் முதலில் நந்தவனம் போயிருக்கும்; எஸ்டிமேட் பிறகு வந்திருக்கும்.)

நடந்ததோ, கதையோ, அது பண்டிதர்கள் பாடு. நமக்கு வேண்டியது ஒன்றுதான். கும்பிடுகிற ஆளின் களவைக்கூட எழுதிவைக்கிற துணிச்சல் ஒரு காலத்தில் பக்திக்கு இருந்தது.

இன்னும் வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசி உற்சவத்து இராப்பத்தின் எட்டாம் நாள் மணல்வெளியில் வேடுபறி நடக்கிறது. உற்சவர் நம்பெருமாள் தங்கக் குதிரையில் வையாளி கண்டருளுகிறார். ஸ்ரீபாதம்தாங்கிகள் தோளில் அவ்வளவு பாரத்தோடு முன்னே பாய்கிறார்கள், பின்னே வாங்குகிறார்கள். மரமும் தகடுமான குதிரைக்கு மூச்சு வந்துவிடுகிறது. ஆழ்வார் மறிக்கிறார், பறிக்கிறார், காதில் எட்டெழுத்து விழுகிறது, அடங்குகிறார். நடிப்புதான். கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாமலில்லை. கண்ணீரும் நிஜம்தான்.

இப்போது அந்த ஆழ்வாருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். திருடன் களவு போனார்.

கும்பகோணம் பக்கம் சுந்தரபெருமாள் கோவில் என்ற ஊர். அங்கே சௌந்தரராஜப் பெருமாள் சன்னிதியில் 16-ஆம் நூற்றாண்டு வெண்கலத் திருமங்கையாழ்வார் இருந்தார். 1957-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவரைப் படமெடுத்து வைத்தது. 1967-இல் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் அவரை வாங்கியது. நடுவில் நடந்தது என்ன? யாருக்கும் தெரியாது. கோயிலில் ஒரு ஆழ்வார் நின்றுகொண்டிருந்தார். விளக்கு எரிந்தது. தளிகை ஆயிற்று. உற்சவம் நடந்தது. செயல் அலுவலர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். தணிக்கை நடந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஆழ்வார்தான் இல்லை.

நின்றது நகல்.

அரை நூற்றாண்டு! கண்டுபிடித்தது யார்? அறநிலையத் துறை இல்லை, காவல் துறையும் இல்லை. ஒரு ஆய்வாளர் பழைய பிரெஞ்சுப் படத்தையும் அஷ்மோலியன் சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அருங்காட்சியகமே இந்தியாவுக்கு எழுதிக் கேட்டது: ஐயா, இது உங்களுடையதா? திருட்டுப்பொருளை வாங்கியவன் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்தான். 2020-இல் நம் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு களத்தில் இறங்கியது.

1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஒவ்வொரு கோயிலுக்கும் பதிவேடு வேண்டும் என்கிறது. பூஜைக்குரிய விக்கிரகம், வீதியுலாவுக்குரிய விக்கிரகம் என எல்லாவற்றின் விவரமும் அதில் இருக்க வேண்டும். இருந்திருக்கும். 'திருமங்கையாழ்வார், உலோகம், ஒன்று' என்றுதான் இருந்திருக்கும். நகலும் உலோகம்தான். நகலும் ஒன்றுதான். கணக்கு உதைக்கவில்லையே!

அப்படியானால் இத்தனை வருஷம் அந்த ஊர் மக்கள் கும்பிட்டது பொய்யா? படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். அந்த நகலின் முன்னால் ஒரு கிழவி பேரனுக்காக அழுதிருந்தால் அந்த அழுகையில் கலப்படம் இல்லை. சிற்பியின் உளியில் உண்மை இருந்தது, கும்பிட்ட கையில் உண்மை இருந்தது. நடுவில் சாவி வைத்திருந்தவர்களிடம்தான் இல்லை. ஆகமம் மீறப்படுகிறது, பாரம்பரியம் அழிகிறது என்று மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அந்த அன்பர்களும் இந்த ஆழ்வாரைத் தேடவில்லை. அவரை வைத்து ஓட்டு வாங்க முடியாது.

ஸ்ரீரங்கத்துக்கே திரும்புவோம். மூலவர் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்பு மட்டும்தான். சுண்ணாம்பு நனைந்தால் என்னாகும் என்று தெரிந்தவர்கள் வழிபாட்டையே அதற்கேற்ப அமைத்தார்கள். பொருளின் குணம் தெரிந்த பக்தி அது. இன்றைய திருப்பணிக்குத் தெரிந்த பொருள் மூன்று: சிமென்ட், கிரானைட், எனாமல் பெயின்ட். தமிழ்நாட்டுக் கோயில்களில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லைப் 'பளிச்' ஆக்கினார்கள். கல்வெட்டின் எழுத்து மழுங்கியது, அப்சரஸின் மூக்கு கரைந்தது, கான்ட்ராக்டரின் பில் மட்டும் கூர்மையாக நின்றது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகள் போட்டது. எழுபத்தைந்து! ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள். ஒன்றை மறக்க இவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

2017-இல் ஸ்ரீரங்கத்தின் புனரமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பேனர் கட்டினோம். 2023 ஆகஸ்ட் 5 அதிகாலை, கீழவாசல் கோபுரத்தின் கீழ்நிலைச் சுதைப்பகுதி சரிந்து தெருவில் விழுந்தது. விரிசல் முன்பே தெரிந்திருந்தது. கம்பு வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊர் தூங்குகிற நேரம், ஆள் சேதம் இல்லை. பெருமாள் காப்பாற்றினார் என்றார்கள். அவர் வேலையை அவர் பார்த்தார், சரி.

அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் 2006-இல் களவு போனார். போனது தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. 2014-இல் ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து கொடுத்தார். விற்ற சுபாஷ் கபூர் திருச்சி மத்திய சிறைக்கு வந்து சேர்ந்தார். கடவுளுக்கு விலை போட்டவரை உள்ளே தள்ளியாயிற்று. கடவுளைப் பூட்டில்லாமல் போட்டு வைத்தவர்கள் ஓய்வூதியம் வாங்குகிறார்கள்.

ஆழ்வாரைத் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024-இல் ஒப்புக்கொண்டது. வரட்டும். வந்து எங்கே போவார் என்பதுதான் கேள்வி. பாதுகாப்பு காரணம் என்று சொல்லி, மீட்ட சாமிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. பூ இல்லை, புடவை இல்லை, எண் உண்டு. அஷ்மோலியனில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாலும் வந்தவனெல்லாம் அவரைப் பார்த்தான். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. திருவாரூரில் நுழைவே கிடையாது.